ஸ்ரீமுஷ்ணம் கொல்லையில் வரகு: விதை தேடுவது முதல் சொந்த ரகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால் வீராணம் ஏரித் தண்ணீர், நெல். விருத்தாசலம் பக்கம் திரும்பினால் செம்மண் கொல்லை, முந்திரி, மல்லாட்டை. இன்னும் மேற்கே வேப்பூர், மங்களூர் என்று போகப் போக மானாவாரி நிலம். இப்போது அங்கே மக்காச்சோளமும் பருத்தியும். முன்பு அந்தக் கொல்லைகளில் வரகு உண்டு. துவரையும் ஆமணக்கும் ஊடே நிற்க, ஆடியில் விதைத்து மார்கழி வாக்கில் அறுப்பார்கள். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் நல்ல விலைக்குப் போனது. வரகையோ அரிசியாக்கவே ஒரு நாள் பாடு. பயிர் மாறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது, பழைய பயிருக்குத் திரும்பலாம் என்றால் பல வீடுகளில் விதை இல்லை.

இந்த வழிகாட்டி பத்து சென்ட் கொல்லையும் நான்கைந்து வருடப் பொறுமையும் உள்ளவர்களுக்கு. வேளாண்மை படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கடையில் ஒரு பை 'பாரம்பரிய வரகு' வாங்கி விதைத்துவிட்டு மீட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொள்வது இதில் சேராது. ஒரே விதையைப் பெருக்கினால் அந்த ஒரு விதைதான் பெருகும். ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல வரகுகளை ஒரே கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். ரகம் உருவாக்கம் என்று பெரிய பெயர் வைத்திருக்கும் வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

முதலில் பயிரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரகின் அறிவியல் பெயர் பாஸ்பாலம் ஸ்க்ரோபிகுலேட்டம். இதன் காட்டு உறவு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஈரமான வரப்புகளில் தானாக முளைக்கும் களை. ஆனால் அதைத் தானியப் பயிராக்கியது இந்தியா. சுமார் 3,000 ஆண்டுகளாக இங்கே பயிரில் இருக்கிறது. முல்லை நிலத்து உணவு என்று வரகையும் சாமையையும் தமிழிலக்கணம் சேர்த்தே சொல்கிறது.

சிறுதானியங்களிலேயே வரகுக்குத்தான் உமி கெட்டி. தானிய எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உமியாகவே போய்விடும். அதனால்தான் வருடக்கணக்கில் பூச்சி அண்டாமல் கிடக்கிறது. அதனால்தான் சமையலறையை விட்டும் போனது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருங்கள், தேர்வு செய்யும்போது மறுபடியும் வரும்.

இன்னொன்று வயது. பழைய நாட்டு வரகு பலவும் ஐந்து மாதத்தை ஒட்டி நிற்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3, டிஎன்ஏயூ 86, ஏடிஎல் 1 போன்ற ரகங்கள் மூன்றரை, நான்கு மாதத்தில் முடிந்துவிடும். மழை முன்பின்னாகிற ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அதற்காகக் குறைந்த வயதுதான் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஆடியில் விதைத்த மூன்றரை மாதப் பயிர் சரியாக அந்த அடைமழையில் அறுப்புக்கு வந்து நிற்கும். மழை ஓய்ந்த பிறகு கதிர் முற்றுகிற நீண்ட வயது வரகை நம் பெரியவர்கள் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது.

விதை தேடிப் போவது

பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். விதை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆடிக்கு முன் அதை வெளியே எடுத்துக் காயப்போடுவார்கள். கேட்க அதுதான் நேரம். ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி, அந்தப் பக்கம் அரியலூர், பெரம்பலூர் வரை சுற்றினால் பத்துப் பதினைந்து மாதிரி கிடைப்பது நடக்கக்கூடியது. சாலையோர ஊர்களைவிட உள்ளே தள்ளிய சிற்றூர்கள் மேல். ஆண்களிடம் ஏக்கர் கணக்கு கிடைக்கும். விதையின் கதை வீட்டுப் பெண்களிடம்தான்.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம். "நாட்டு வரகு இருக்கா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்கள் அதை நாட்டு வரகு என்று கூப்பிடுவதில்லை, வெறும் வரகு. இப்படிப் போகலாம்:

"ஆயா, வரகுச் சோறு இன்னும் ஆக்குறீங்களா?"

"எப்பவாச்சும் தம்பி. கோழிக்குன்னு ஒரு குண்டான் வெச்சிருக்கேன்."

"அது எந்த ஊர் விதைங்க, ஆயா?"

"எங்க அம்மா வூட்லேருந்து வந்தது. குட்டையா இருக்கும், சாயாது. இந்த ஊர்க்காரங்க வரகு நெட்டை."

இந்த நாலு வரியில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது: விதை வந்த ஊர், உயரம், சாயும் குணம், பக்கத்தில் இன்னொரு வகை உண்டு என்ற தகவல். கல்யாணமாகி வந்த பெண்களோடு விதையும் ஊர்விட்டு ஊர் வருவது இந்தப் பக்கம் சாதாரணம். அதனால் எந்த ஊரில் வாங்கினோம் என்பதோடு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு மாதிரியிலும் 100 கிராம் போதும். வரகில் 1,000 மணி ஐந்தாறு கிராம்தான் இருக்கும். ஆக 100 கிராமில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை. அதற்கு மேல் கேட்டு யாருடைய விதைப் பானையையும் காலி செய்யாதீர்கள். பணம் வாங்க மறுப்பார்கள். அடுத்த வருடம் அதே விதையை இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, கொடுங்கள்.

துணிப் பையில் கட்டி, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. சீட்டில் எண், ஊர், தேதி, கொடுத்தவர் சொல்லும் பெயர், அவர் சொன்ன குணம், எந்த மண், என்ன ஊடுபயிர். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும். இரண்டு மாதிரிகள் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன என்று கலந்துவிட வேண்டாம். கலப்பது ஒரு நொடி, பிரிப்பது நடக்காத காரியம்.

ஆராய்ச்சி நிலையத்தின் கதவையும் தட்டுங்கள்

விருத்தாசலத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் மல்லாட்டை, முந்திரி ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. வரகுக்கு அது நேரடி நிலையம் இல்லை. ஆனால் வேளாண் அறிவியல் நிலையமும் விருத்தாசலத்திலேயே இருப்பதால் வழிகாட்ட ஆள் உண்டு. சிறுதானியங்களுக்கென்றே இருப்பது திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம். ஏடிஎல் என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. வெளியிடப்பட்ட ரகங்களில் இரண்டை அங்கிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்கிறதோ இல்லையோ, ஒப்பிட்டுப் பார்க்க அவை கட்டாயம் தேவை.

நம் ஊர்களில் தொலைந்தது ஏதாவது ஒரு குளிர் அறையில் இருக்கவும் கூடும். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கி, டெல்லியில் தேசியத் தாவர மரபு வளங்கள் பணியகம், ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் இக்ரிசாட் எல்லாமே வரகு சேமித்து வைத்திருக்கின்றன. இக்ரிசாட்டில் மட்டும் 600க்கு மேற்பட்ட வரகு மாதிரிகள். அவற்றின் மொத்த வேறுபாட்டையும் காட்டும்படி 75 மாதிரிகளைப் பொறுக்கி ஒரு மையத் தொகுப்பு செய்திருக்கிறார்கள். தனி விவசாயி நேரடியாகக் கேட்டு வாங்குவது கடிதப் போக்குவரத்தாக இழுக்கும். வேளாண் அறிவியல் நிலையம் மூலமோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமோ கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும். முதல் வருடமே இதற்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள பத்து மாதிரிகளை மண்ணில் போடுங்கள்.

முதல் ஆண்டு: வரிசை விதைப்பு

பதினைந்து மாதிரிகளுக்கு மூன்று சென்ட் நிலம் போதும். ஆனால் உங்கள் கொல்லையிலேயே நல்ல மண் உள்ள மூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளை வரகு நிற்கப்போகும் சராசரி நிலத்தில் போடுங்கள். கிணற்றடியில் ஜெயித்த ரகம் மானாவாரியில் தோற்கும். ஏக்கருக்கு ஐந்து டன் என்ற கணக்கில் மக்கிய தொழுவுரம், அதாவது மூன்று சென்ட்டுக்கு 150 கிலோ. அதற்கு மேல் ஊட்டினால் எல்லாமே வளர்ந்து எல்லாமே சாய்ந்து, எது தானாகச் சாயும் வகை என்று தெரியாமலே போய்விடும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் 3 மீட்டர் நீளத்தில் இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர். முளைத்துப் பதினைந்து இருபது நாளில் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்கும்படி கலைத்துவிடுங்கள். ஒரு மாதிரிக்கு அறுபது செடி வரும். ஐந்து மாதிரிக்கு ஒரு முறை ஒப்பீட்டு ரகத்தை இரண்டு வரிசை போடுங்கள். நிலத்தின் ஒரு பக்கம் உப்பாகவோ மேடாகவோ இருந்தால் அந்த ஒப்பீட்டு ரகமே காட்டிக்கொடுக்கும்: எல்லா இடத்திலும் ஒரே விதை, ஆனால் மேற்குக் கோடியில் மட்டும் குட்டை என்றால் குறை மண்ணில்தான்.

இதே தொகுப்பை மறுபடியும் ஒரு முறை, வரிசைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி மாற்றிப் போடுங்கள். ஒரே ஒரு முறை போட்டால் பக்கத்து முந்திரி நிழல் விழுந்த மாதிரி பாவம் ஓரங்கட்டப்படும். சுற்றிலும் இரண்டு வரிசை ஏதாவது வரகை ஓரப்பயிராக நிறுத்துங்கள். ஓரத்துச் செடி எப்போதும் கொழுத்துத்தான் நிற்கும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆடி மாத முதல் நல்ல மழையில் விதையுங்கள். தள்ளிப்போட்டால் குருத்து ஈ வரும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். முதல் நாற்பது நாள் களை எடுப்பதில் சோம்பல் கூடாது. காட்டு வரகு வரிசைக்குள் முளைத்தால் சின்னதில் அடையாளம் தெரியாது, அதனால் வரிசைக்கு வெளியே நிற்கும் எதையும் தயங்காமல் பிடுங்குங்கள். வரிசையில் விதைப்பதன் பாதிப் பலன் அதுவே.

நோட்டில் என்ன எழுதுவது

முளைத்த நாள், பாதிச் செடிகளில் கதிர் வெளிவந்த நாள், அறுத்த நாள், முற்றியபோது உயரம், ஒரு செடியில் எத்தனை தூர், சாய்ந்ததா, கரிப்பூட்டை வந்ததா, மணி உதிர்ந்ததா. கரிப்பூட்டை என்றால் கதிர் முழுவதும் கரும்பொடியாக மாறும் நோய். அந்தச் செடியைத் தட்டாமல் உலுக்காமல், பையைக் கவிழ்த்து மூடி அறுத்துக் கொளுத்துங்கள்.

கதிரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரகுக் கதிர் நெல் மாதிரித் தொங்காது. தண்டு நுனியில் இரண்டு மூன்று விரல்கள் பிரிந்து நிற்கும், சிலதில் இன்னும் கூடுதல். ஒரு விரலைத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு பக்கம் தட்டையான பச்சை நாடா. மறு பக்கம் அந்த நாடாவில் தைத்தது போல மணிகள். பெரும்பாலானவற்றில் இரண்டு நேர் வரிசை. சிலதில் மூன்று நான்கு வரிசையாகக் குழம்பிக் கிடக்கும். இன்னும் சிலதில் அடியில் குழப்பம், நுனிக்குப் போகப் போக ஒழுங்கு. இந்த மூன்று அமைப்பை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் வரகை மூன்று இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பதினைந்து மாதிரிகளும் ஒரே அமைப்பில் இருந்தால் நீங்கள் சேர்த்த வேறுபாடு குறைவு. அடுத்த கோடையில் இன்னும் தூரம் போக வேண்டும்.

ஒரே மாதிரியின் அறுபது செடிகளுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். இரண்டு செடி முன்னால் கதிர்விடும், ஒன்று குட்டையாக நிற்கும், ஒன்றில் மணி கறுத்திருக்கும். இதைக் கலப்படம் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். வண்ண நூல் கட்டி வையுங்கள். நாட்டு விதை என்பதே இப்படி ஒரு கூட்டம்தான், மழை தவறிய வருடத்தில் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் பிழைப்பார்.

பூ திறக்காத பயிர்

ரகம் உருவாக்குவது என்றதும் இரண்டு செடிகளை இணைத்துப் புதிதாக ஒன்றைப் பிறப்பிப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். நெல்லில் அப்படித்தான் நடந்தது. வரகில் அந்த வழி கிட்டத்தட்ட அடைத்தே கிடக்கிறது. வரகுப் பூவில் பெரும்பாலானவை திறப்பதே இல்லை. மூடிய உமிக்குள்ளேயே மகரந்தம் சூலகத்தில் விழுந்து மணி பிடித்துவிடும். திறக்கிற சில பூக்களும் பின்னிரவில் தொடங்கி விடிவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளும். அவ்வளவு சிறிய பூவில் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து வேறு மகரந்தம் தூவுவது நுண்ணிய கைவேலை, பலனும் குறைவு. கோயம்புத்தூரில் சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் 1930களிலேயே வரகை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் இந்தியாவில் வந்த வரகு ரகங்கள் பெரும்பாலும் நாட்டு விதையிலிருந்து தேர்ந்தெடுத்தவை, மிச்சம் சில கதிர்வீச்சால் திடீர் மாற்றம் உண்டாக்கியவை.

இது தடை மாதிரித் தெரிந்தாலும் உங்களுக்கு இது வசதி. தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிரில் ஒரு நல்ல செடியின் விதையைத் தனியே எடுத்து விதைத்தால் பிள்ளைகள் ஏறக்குறைய அந்தத் தாயைப் போலவே வரும். பக்கத்து வரிசை மகரந்தம் வந்து கெடுக்கும் என்ற பயம் பெரிதாக வேண்டாம். விதைச் சான்றளிப்பிலேயே வரகுக்குக் கேட்கிற இடைவெளி 3 மீட்டர்தான். மக்காச்சோளத்திலோ கம்பிலோ இந்த வேலையை மூன்று சென்ட்டில் செய்யவே முடியாது. இப்படித் தனிச் செடியிலிருந்து வரும் வழியைத் தூய வழி என்பார்கள். டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903இல் பீன்ஸ் விதைகளை வைத்து இதை நிரூபித்தார். கலவையான விதையிலிருந்து பெரிய மணியைப் பொறுக்கினால் பலன் கிடைக்கும். ஒரே தூய வழிக்குள் பெரிய மணியைப் பொறுக்குவதால் ஒன்றும் மாறாது என்பது அவர் கண்டது. ஆக, பொறுக்குவதற்கு முன் வேறுபாடு இருக்க வேண்டும். பதினைந்து வீடு ஏறி இறங்கியது அதற்காகத்தான்.

எத்தியோப்பியாவின் டெஃப் தானியமும் இப்படித்தான் இருந்தது. மணலைப் போல் சின்ன மணி, பூ திறப்பதே தெரியாது, தேர்வு ஒன்றுதான் வழி என்று விட்டிருந்தார்கள். 1974இல் தாரெக்கே பெர்ஹே என்பவர் டெஃப் பூ காலை ஏழு மணியை ஒட்டி ஒரு முக்கால் மணி நேரம் திறக்கிறது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகே கலப்பு சாத்தியமானது; 2006இல் வெளிவந்த குஞ்சோ ரகம் அந்தக் கலப்பு வழியில் பிறந்து நாடெங்கும் பரவியது. வரகுக்கும் அப்படி ஒருவர் விடியற்காலை விளக்கோடு உட்கார்ந்து வழி காணட்டும், அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. ஆனால் கலக்க வேண்டிய பெற்றோர் செடிகள் அழியாமல் இருந்தால்தான் அந்த நாளால் யாருக்கும் பயன். குஞ்சோவின் பெற்றோரும் சேகரித்து எண் போட்டு வைத்திருந்த மாதிரிகள்தான்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு: தனிச் செடித் தேர்வு

முதல் அறுவடையில் இரண்டு வேலை. ஒவ்வொரு மாதிரியிலும் எல்லாச் செடியிலிருந்தும் ஒவ்வொரு கதிர் எடுத்துக் கலந்து, அந்த மாதிரியின் முழு விதையாகப் பத்திரப்படுத்துங்கள். இது மூலதனம், இதில் கை வைக்கக் கூடாது. அடுத்து, நூல் கட்டிய செடிகளில் இருபது முப்பதைத் தனித்தனியாக அறுத்துத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள்.

ஆடியில் ஒவ்வொரு உறைக்கும் ஒரு வரிசை, நடுநடுவே ஒப்பீட்டு ரகம். ஒரு வரிசைக்குள் எல்லாச் செடியும் ஒன்றுபோல நின்றால் அது தூய வழி. நாலு விதமாக நின்றால் மறுபடியும் தனிச் செடி எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் வரிசைகள் இந்தக் கட்டத்தில் கழிந்துவிடும், கழியட்டும். மூன்றாம் ஆண்டுக்கு ஐந்தாறு வழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் கொல்லையில் ஒரு இடம், வேறு மண்ணுள்ள வேறு இருவர் கொல்லையில் இரண்டு இடம் என்று போடுங்கள். துவரை ஊடுபயிராக விதைக்கும் வழக்கம் உண்டென்றால் துவரையோடே போடுங்கள். தனியாக நின்று நன்றாக விளைந்த வரகு துவரை நிழலில் சுணங்குவது உண்டு.

யார் தேர்ந்தெடுப்பது? கதிர் முற்றிய நாளில் ஊரில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, பாதிப் பேர் பெண்களாக இருக்கும்படி பார்த்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்துப் பிடித்த வரிசை முன் போடச் சொல்லுங்கள். ஆண்கள் நெட்டைத் தாளுக்குப் போடுவார்கள், மாட்டுக்கு ஆகும் என்று. பெண்கள் கதிரைக் கசக்கி மணியைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள். இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள். விளைச்சலில் முதலாவதாக வந்த வழிக்கு ஒரு கொட்டையும் விழவில்லை என்றால் அந்த வழி ஊரில் நிற்காது.

ஒரு கருத்து, ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். விற்பனைக்குத் தூய வழி, வீட்டுக்கு மூன்று நான்கு வழிகளின் கலவை. அறுவடை ஒரே நாளில் வராது என்ற தொல்லை கலவையில் உண்டு, ஆனால் ஒரே மழையில் எல்லாம் போகாது.

உமியையும் தேர்வில் சேருங்கள்

பெரும்பாலான சோதனைகள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு நின்றுவிடுகின்றன. வரகு ஒழிந்தது மூட்டை குறைந்ததால் மட்டும் இல்லை, அதை அரிசியாக்க ஆளில்லாததாலும்தான். கல் திருகையில் போட்டால் நொய்யாகிவிடும் என்று மண்ணால் செய்த திருகையில் திரித்து, முறத்தில் புடைத்து, உரலில் குத்தி, மறுபடியும் புடைத்து எடுத்த வேலை அது. விருத்தாசலத்தில் மண்ணைச் சுட்டு அகல்விளக்கும் பொம்மையும் பீங்கான் குழாயும் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. வரகுத் திருகை ஒன்று அங்கே யாராவது செய்து பார்த்தால் தேவலை என்று எனக்கு ஓர் ஆசை. இப்போதைக்குச் சிறிய உமி நீக்கும் இயந்திரம் வைத்திருக்கும் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. ஒவ்வொரு வழியிலும் நன்றாகக் காய்ந்த வரகு ஒரு கிலோ எடுத்து, ஒரே இயந்திரத்தில், ஒரே தடவை ஓட்டுங்கள். முழு அரிசி, நொய், உமி போகாமல் தங்கிய மணி மூன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். அரிசி 550 கிராமுக்கு மேல் வந்து, உமி போகாத மணி குறைவாக இருக்கும் வழியைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள், விளைச்சலில் கொஞ்சம் பின்தங்கினாலும் சரி. பிறகு சோறு ஆக்கிப் பாருங்கள்.

மழையில் அறுத்த வரகு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதிர் முற்றும்போது மழையில் நனைந்தால் வரகில் அஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சாணம் பிடித்து சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு சேரும். தின்றால் மயக்கம், வாந்தி, நடுக்கம். 1933இல் சென்னை மாகாணத்தில் வண்ணாத்திப்பாறைக் காட்டில் வரகு மேய்ந்த 14 யானைகள் இறந்தன. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்தபோதும் சோதனையில் இதே நஞ்சு தெரிந்தது.

எனவே நனைந்த கதிரைக் குவித்து மூட வேண்டாம். அன்றே பரப்பி உலர்த்துங்கள். நிறம் மாறிய, பூஞ்சாண வாடை அடிக்கிற தானியத்தை உணவுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்காதீர்கள், கழுவினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தேர்வுக் குறிப்பில் 'அறுவடைக்கு முன் நனைந்ததா, மணி கறுத்ததா' என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள். நம் மாவட்ட மழைக்கு இது முக்கியமான குணம்.

விதையைக் காப்பது

ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழ் வரும்வரை காய வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். பானையில் வைப்பதானால் வாயை மெழுகிவிடுங்கள்.

கோபுரக் கலசத்தில் வரகு நிரப்பிப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை குடமுழுக்கில் மாற்றுகிறார்கள், அது நம் முன்னோரின் விதை வங்கி என்று ஒரு பேச்சு அடிக்கடி கேட்கிறது. வரகு நெடுநாள் கெடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டு கோடை வெயிலில் செப்புக் கலசத்துக்குள் வெந்த விதை முளைக்கும் என்று நான் நம்பவில்லை. அடுத்த குடமுழுக்கில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பிடி வாங்கி முளைப்புச் சோதனை செய்து பார்த்தால் சந்தேகம் தீரும். சோதனை இதுதான்: 100 விதையை ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நனைத்துக்கொண்டே இருந்து, பத்து நாள் கழித்து எண்ணுங்கள். 75 முளைத்தால் சான்று விதைக்கு இணை. 50க்குக் கீழ் என்றால் அந்த மாதிரியை இந்த ஆடியிலேயே புதுப்பித்தாக வேண்டும்.

எந்த மாதிரியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். உங்கள் வீடு, வேறு ஊரில் ஒரு நண்பர் வீடு, மூன்றாவது பங்கு கோயம்புத்தூர் மரபணு வங்கிக்கு, சீட்டுத் தகவலின் நகலோடு. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து ஊர் விதை வங்கிகள் மூலம் சாமையையும் தினையையும் காத்தது. அங்கே விதைக் கடன் வாங்கியவர் அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தருவார். ஸ்ரீமுஷ்ணத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்தால் அதே கணக்கில் ஒன்று நடத்தலாம்.

பெருக்கமும் சட்டமும்

நான்காம் ஆண்டு தேர்ந்த வழி ஒன்றோ இரண்டோ கையில் இருக்கும். 200 கிராம் விதை இருந்தால் ஐந்து சென்ட் விதைக்கலாம், ஏனென்றால் ஏக்கருக்கு வேண்டியது 4 கிலோதான். ஏக்கருக்கு 400 கிலோ என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்து சென்ட்டில் 20 கிலோ. அது அடுத்த ஆடிக்கு ஐந்து ஏக்கர் விதை. பூக்கும் நேரத்திலும் முற்றும் நேரத்திலும் வயலில் இறங்கி, வேறு மாதிரி நிற்பதைப் பிடுங்கினால் போதும்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விளைந்த விதையை வைத்துக்கொள்ளலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம். பிறர் பதிவு செய்த ரகத்தின் விதையைப் பெயர் பொறித்த பாக்கெட்டில் அடைத்து விற்பது மட்டும் கூடாது. நாட்டு ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்ய உழவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது; விண்ணப்பத்துக்கு வேளாண் அறிவியல் நிலையம் உதவும். பதிவைத் தனி ஆள் பெயரில் போடாமல் விதை கொடுத்த ஊர்களின் பெயரில், குழுவாகப் போடுங்கள். முதல் வருடம் பென்சிலில் எழுதிய சீட்டுகள் அப்போது சான்றாகத் தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.